ஆள் மாத்து

கம்பெனியில் ‘நம்ம ஆளு’ என்று ஒரு திட்டம் வந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பெனி எனக்குச் சொந்தமும் இல்லை, நான் அதற்கு வேலைக்காரனும் இல்லை. காண்ட்ராக்டில் ஓடுகிற பஸ்ஸுக்கு டிரைவர். பெயர் மருதாசலம். காலை ஆறேகாலுக்கு அன்னூரில் ஆட்களை ஏற்றி, ஏழு மணிக்குக் கோவில்பாளையம் தாண்டி இருக்கிற மோட்டார் பம்ப் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டால் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் எனக்கு வேலை கிடையாது. ஒயிண்டிங் செக்‌ஷன் ஜன்னலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதும் டீ குடிப்பதும் காதில் விழுவதைக் கேட்பதும்தான் என் பகல். ஒட்டுக்கேட்கிறான் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஜன்னலைத் திறந்துவைத்துப் பேசினால் விழத்தான் செய்யும்.

ஹெச்.ஆரில் ரித்திகா என்று ஒரு பெண். சென்னைக்காரி, நல்ல பெண். வேலைக்கு ஆள் கிடைக்காமல் கம்பெனி திண்டாடியபோது, இருக்கிற ஆட்களையே புது ஆள் கொண்டுவரச் சொல்லலாம் என்று ஒரு திட்டம் போட்டாள். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் பெயரை ஃபாரத்தில் எழுதிக் கொடுங்கள், அவர் சேர்ந்தால் உங்களுக்கு ஒரு குக்கர். இதற்கு ஊர்ப் பேச்சில் பெயர் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, ‘நம்ம ஆளைக் கூட்டிட்டு வாங்க’ என்று கேன்டீன் சுவரில் பெரிசாக ஒட்டிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒருத்தரைக் காட்டி, “நம்ம ஆளுங்களா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டால் அவர் சாதியைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். மரியாதையாகக் கேட்கிற முறை அது. சென்னைப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? கம்பெனியே சொல்லிவிட்டது என்று எல்லாரும் மச்சானையும் பங்காளியையும் மாமன் மகனையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். நாலே மாதம். அவிநாசிப் பக்கம் ஒரு கிழவர் செத்துப்போனார், பெயிண்ட் செக்‌ஷன் மொத்தமும் லீவு போட்டது. மூன்று நாள் ஒரு பம்ப்புக்குப் பெயிண்ட் அடிக்க ஆளில்லை. அப்போதுதான் மேலே இருக்கிறவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

உடனே இரண்டு சட்டம் போட்டார்கள். ஒன்று, சொந்தக்காரர் பெயரை எழுதக்கூடாது. இரண்டு, நீங்கள் எழுதிக் கொடுத்த ஆள் ஆறு மாதம் நிற்க வேண்டும். நடுவில் வேலையை விட்டுப் போனால் அது உங்கள் ஃபைலில் ஏறும், அந்த வருஷம் உங்களுக்குப் பதவி உயர்வு கிடையாது.

சட்டம் போட்டால் நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுக்கிற வழக்கம் ஊரில் இருக்கிறதே, அதையே இதற்கும் பிடித்துக்கொண்டார்கள். என் மச்சான் பெயரை நீ எழுது, உன் தம்பி பெயரை நான் எழுதுகிறேன். இதற்கு ஆள் மாத்து என்று பெயரும் வந்துவிட்டது. ரித்திகாவுக்கு இன்றுவரை தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

என் பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாளும் ஜன்னத்தும் ஆள் மாத்து செய்தது போன தை மாதத்தில்.

தெய்வாத்தாளுக்கு நாற்பத்தொரு வயது. ஒயிண்டிங்கில் பதினோரு வருஷம். மோட்டாருக்கு உள்ளே இருக்கிற இரும்பு வளையத்தின் காடிகளில் செம்புக் கம்பிச் சுருளை ஒவ்வொன்றாக இறக்கி, காகிதம் சொருகி, நூலால் இறுக்கிக் கட்டுகிற வேலை. கம்பியில் நகம் பட்டுக் கீறினால் மோட்டார் கருகிப்போகும் என்று நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார்கள். அவளுக்கு எதிர் நாற்காலி ஜன்னத். உக்கடத்துக்குப் பக்கம் கரும்புக்கடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். முப்பத்துநாலு வயது, புருஷன் இல்லை, தாயும் தம்பியும்தான். மற்றவர்கள் ஒரு வளையம் கட்டுவதற்குள் ஒன்றரை கட்டுவாள். இரண்டு பேரும் ஆறு வருஷமாக ஒரே பெஞ்சு. தெய்வாத்தாள் கொண்டுவருகிற அரிசிம்பருப்புச் சோற்றை ஜன்னத் சாப்பிடுவாள், ஜன்னத் கொண்டுவருகிற தேங்காய்ச் சோற்றை இவள் சாப்பிடுவாள். என்னிடம் கேட்டால், கட்டிய புருஷன் வேலுமணியிடம் பேசியதைவிட அவள் ஜன்னத்திடம் பேசியது அதிகம்.

வேலுமணி இரண்டு எருமையும் ஒன்றரை ஏக்கர் சோளத்தட்டும் வைத்திருப்பவன். கெட்டவன் இல்லை. தங்கை என்றால் உருகிவிடுவான். அந்தத் தங்கை நாச்சியம்மாள் ஐப்பசியில் ஒரு துணிப்பையோடு கொடுமுடியிலிருந்து வந்து அண்ணன் வீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவள் வீட்டுக்காரர் சென்னிமலை அங்கே கரும்பாலை வைத்திருந்தவர். எட்டுப் பேருக்கு வேலை கொடுத்தவர். ஆலை நின்றுபோய் மூன்று வருஷம். அதன்பிறகு நாலு இடத்தில் வேலைக்குப் போய் நாலிலும் நிற்கவில்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, பொய் கிடையாது. ஒருத்தர் அவரை ‘நீ’ என்று சொல்லிவிட்டால் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். பெருந்துறையில் ஒரு மில்லில் பதினொரு நாள் இருந்தார். ஈரோட்டில் மஞ்சள் குடோனில் மத்தியானம் வரைக்கும் இருந்தார்.

நாச்சியம்மாள் அண்ணனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள். அவர் ஒரே இடத்தில் ஆறு மாதம் நிற்கட்டும், அன்றைக்கு அவரோடு போகிறேன், அதுவரைக்கும் இங்கேதான் என்றாள். ஆறு மாதம் என்ற கணக்கைக் கம்பெனிச் சட்டத்திலிருந்துதான் எடுத்திருந்தாள். தெய்வாத்தாள் சோறு போடும்போது பேச்சுவாக்கில் சொன்னது, நாத்தனார் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் வேலுமணி விடுவானா? தினமும் காலையில் தெய்வாத்தாள் பஸ் ஏற வரும்போது பின்னாலேயே ரோடு வரைக்கும் வருவான். மாப்பிள்ளைக்கு ஒரு வழி பண்ணு என்பான். அவள் ஏறி என் பின்சீட்டில் உட்காருவாள். ஒரு நாள் அவளாகவே என்னிடம் சொன்னாள்.

“டிரைவரண்ணா, எங்க அண்ணன் நல்ல மனுசனுங்க. ஆனா என்ற பேரைப் போட்டு வேலைக்குச் சேக்கச் சொன்னா நான் சேக்கமாட்டனுங்க. சொந்தம் எழுதக்கூடாதுன்னு சட்டம் இருக்கறது எனக்கு நல்லதாப் போச்சுங்க.”

நாத்தனார் புருஷன் அவளுக்கு அண்ணன் முறை. நான் கியர் மாற்றிக்கொண்டே, அப்படியானால் விடு என்றேன். விடுகிற வீடா அது?

பொங்கல் கழிந்த வாரம் ஜன்னத்தின் தம்பி ஷாஹுல் மோட்டார் கட்டிக்கொண்டிருந்த கடையை, கட்டடக்காரன் இடிக்கப்போவதாகச் சொல்லிக் காலி பண்ணிவிட்டான். ஜன்னத்துக்கும் ஆள் மாத்து தேவைப்பட்டது. அவள் தெய்வாத்தாளிடம்தான் கேட்பாள், வேறு யாரிடம் கேட்பாள்? நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, நீ பேரு போடறதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன் கேட்டுக்க. அவனுக்கு இடது காது மந்தம். பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டான். கோவம் வந்துச்சுன்னா ஒரு நாள் பூரா வாயைத் தொறக்க மாட்டான். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு ஒரு மணி நேரம் உட்டுப்போடணும். வேலையில குத்தம் சொல்ல முடியாது. இதையெல்லாம் ஏத்துக்கிட்டா எழுது, இல்லைன்னா எனக்கு வருத்தமில்லை.”

தெய்வாத்தாள் எழுதுகிறேன் என்றாள். காது விஷயத்தை ரித்திகாவிடமே சொல்லி, சத்தம் குறைந்த இடமாகப் பார்த்துப் போடச் சொல்வதாகவும் சொன்னாள். சொன்னபடி செய்தாள்.

பிறகு ஜன்னத் கேட்டாள்.

“சரி, உன்ற ஆளு எப்பிடிக்கா?”

உள்ளே கம்பி சுருளுகிற மெஷின் மட்டும் ஓடியது.

“நம்ம ஆளுதான் ஜன்னத்து. நீ போடு.”

இதற்கு என்ன அர்த்தம்? சொந்தக்காரர் என்று அர்த்தம். அவர் எத்தனை நாள் நிற்பார் என்பதற்கு அதில் பதில் இல்லை. ஆனால் ஜன்னத்துக்குத் தெய்வாத்தாள் வாயிலிருந்து வந்தால் அது வேறு அர்த்தம். என் ஆளு, நான் இருக்கிறேன் என்று அர்த்தம். அவள் மறுபேச்சு பேசாமல் ஃபாரத்தை வாங்கி எழுதினாள். ஒயிண்டிங்கில் லைன் லீடர் அம்மா ஆடியில் ரிட்டயர் ஆகிறார், அடுத்த பெயர் ஜன்னத்துடையது என்று செக்‌ஷனில் எல்லாருக்கும் தெரியும். அதைப் பணயம் வைத்துத்தான் எழுதினாள். எனக்கு அந்த இடத்தில் எழுந்துபோய் ஜன்னலைத் தட்டலாமா என்று இருந்தது. எனக்கென்ன வந்தது என்று உட்கார்ந்துவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் மட்டும் யோக்கியன் மாதிரி ஆகிவிடக்கூடாது.

சென்னிமலையை அசெம்பிளியில் போட்டார்கள். கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கினார். வெள்ளை வேட்டியை விட்டுக் கம்பெனிப் பேன்ட் போட்ட முதல் நாள் வாசலில் என்னைப் பார்த்து, “நல்லாருக்குதுங்களா?” என்று கேட்டார். நல்லாருக்குதுங்க என்றேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. வேலையும் சுத்தம். ஆலையில் இரும்போடு பழகிய கை. போல்ட் முறுக்குவதில் ஒரு நாள்கூட அவரிடம் குற்றம் கண்டதில்லை என்று அந்த செக்‌ஷன் ஆட்களே சொன்னார்கள்.

சிக்கல் சூப்பர்வைசர். மிதுன் என்று பெயர். மதுக்கரைப் பையன், இருபத்தைந்து வயது, இன்ஜினியரிங் படித்தவன். மனசில் ஒன்றும் கிடையாது, ஆனால் அவன் வாயில் ‘ங்க’ வராது. முழுக்க இங்கிலீஷ் பள்ளிக்கூடம். எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான், மானேஜரையே அப்படித்தான் கூப்பிடுகிறானாம். சென்னிமலை சேர்ந்த மூன்றாம் நாளே தெய்வாத்தாள் தூக்குப்போசியில் கொள்ளுப் பருப்பும் சோறும் எடுத்துக்கொண்டு அவனிடம் போய்விட்டாள்.

கேன்டீனில் அவர்கள் பேசியது எனக்கு இரண்டு மேசை தள்ளி. கொடுமுடிக்காரர் ஒருத்தருக்கு மட்டும் மரியாதை போட்டுப் பேசு கண்ணு, வேறு ஒன்றும் வேண்டாம் என்று கெஞ்சினாள். மெஷின் ஓடும்போது அதற்கெல்லாம் நேரம் இருக்காது அக்கா என்றான் அவன். பிறகு கொள்ளுப் பருப்பு பிடித்துப்போய், முயற்சி பண்ணுகிறேன் என்றான். நிஜமாகவே பண்ணினான். “சென்னிமலை, அந்த ஸ்பேனரை எடு” என்று சொல்லிவிட்டு, இரண்டு எட்டுப் போய், ஞாபகம் வந்து திரும்பி, “ங்க” என்பான். செக்‌ஷனே சிரிக்கும். சென்னிமலை சிரிக்க மாட்டார். ஆனால் ஸ்பேனரை எடுப்பார். இப்படியே மாசியும் பங்குனியும் போயின. வாரம் இரண்டு நாள் தெய்வாத்தாள் மிதுனுக்குச் சோறு கொண்டுபோனாள். சித்திரை வெயிலில் தகரக் கூரை காய்ந்து, உள்ளே நிற்க முடியாமல் ஆட்கள் மயங்கி விழுந்த வாரத்தில்கூட அவர் ஒரு நாள் லீவு போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அன்னூருக்கு வந்து மச்சானோடு எருமையைக் கழுவிவிட்டு, மனைவி கையால் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிப் போவார். நாச்சியம்மாள் ரோடு வரைக்கும் வந்து அனுப்புவாள். அதற்குமேல் வரமாட்டாள். பேச்சு பேச்சுதான்.

ஆனி கடைசி வெள்ளிக்கிழமை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடிக்கு முன்னாலேயே வந்து கொட்டகைத் தகரத்தைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பதினொரு மணி இருக்கும். பஸ்ஸில் யாரோ ஏறுகிற மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தால் சென்னிமலை மூன்றாவது சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். கம்பெனிச் சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தார்.

வண்டியை எடுங்கள், ஊருக்குப் போகலாம் என்றார். நாலு மணிக்குத்தான் வண்டி கிளம்பும் என்றேன். அப்படியானால் நாலு மணி வரைக்கும் இருக்கிறேன் என்றார். இருந்தார். ஐந்து மணி நேரம். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்துவிட்டு தம்ளரைக் கழுவிக் கொடுத்தார். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தார்.

“என்னைய டேய்னு சொல்லிப்போட்டானுங்க.”

மிதுன்தான் என்று புரிந்தது.

“என்ற ஆலையில எட்டுப் பேரு இருந்தாங்க. கொப்பரையில பாகு பொங்கி வழியறப்பக்கூட ஒருத்தரையும் நான் டேய்னதில்லீங்க. இருபத்தஞ்சு வயசுப் பையன். என்ற நெஞ்சுல கைய வெச்சுத் தள்ளி, டேய் நகருடான்னானுங்க. அத்தனை பேரு முன்னாடி.”

நடந்ததை அசெம்பிளிக்காரர்கள் சாப்பாட்டு நேரத்தில் வந்து சொன்னார்கள். சங்கிலியில் தூக்கிய மோட்டார் ஒன்று கொக்கி வழுக்கி இறங்கியிருக்கிறது. அடியில் இவர் அதைக் கவனிக்காமல் நின்றிருக்கிறார். மிதுன் கத்திக்கொண்டே ஓடிவந்து தள்ளியிருக்கிறான். மோட்டார் இவர் நின்ற இடத்தில் விழுந்து தரை பெயர்ந்துவிட்டது. நகருங்க என்று சொல்லி முடிப்பதற்குள் ஆள் போயிருப்பார். இதை நான் சென்னிமலையிடமும் சொன்னேன். அதெல்லாம் சரிங்க, ஆனால் டேய்னுட்டானே என்றார். நான் என்ன செய்ய?

நாலு மணிக்கு தெய்வாத்தாள் பஸ்ஸுக்கு வந்தாள். படியில் கால் வைத்தவள் அவரைப் பார்த்தாள், மடியில் இருந்த சட்டையைப் பார்த்தாள். போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அன்னூர் வரைக்கும் கண்ணாடியில் அவள் முகம் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. பயந்திருந்தாள்.

வீட்டில் வேலுமணி மாப்பிள்ளை கட்சி. டேய்னானா, எங்க மாப்பிள்ளையையா என்று வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டான். நாச்சியம்மாள் அண்ணன் பெண்டாட்டியைப் பார்த்து, “நங்கையா, இன்னும் எத்தனை நாளு இருந்துது?” என்று மட்டும் கேட்டாள். பத்தொன்பது நாள் என்றாள் தெய்வாத்தாள். நாச்சியம்மாள் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள். என் வீட்டுக்காரிதான் போய்க் கூட்டிவந்தாள்.

சனிக்கிழமை வேலை நாள். தெய்வாத்தாள் ஜன்னத்திடம் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னாள். அவர் வேலையை விட்டுட்டார் என்று சொன்னாளே தவிர, இதற்குமுன் நாலு இடத்தில் இப்படி எழுந்து வந்தவர் என்று அப்போதும் சொல்லவில்லை. ஜன்னத் கட்டிக்கொண்டிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஹெச்.ஆருக்குத் தெரியுமா என்று கேட்டாள். திங்கட்கிழமை வராவிட்டால் வேலையை விட்டுவிட்டதாக எழுதிவிடுவார்கள் என்றாள் இவள். நேராக ஜன்னத் எழுந்துபோய் மிதுனைப் பார்த்தாள். என்ன பேசினாளோ, சென்னிமலைக்கு வயிற்றுப்போக்கு என்று அவன் இரண்டு நாள் லீவு எழுதிக்கொண்டான். திரும்பி வந்து, “நாளைக்கு நான் அன்னூர் வாரேன்க்கா” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து என் மொபெட்டில்தான் அவளைக் கூட்டிவந்தேன். காற்றில் அவள் முந்தானையைத் தலையோடு பிடித்துக்கொண்டே வந்தாள். தெய்வாத்தாள் களி கிண்டிக் கோழிக் குழம்பு வைத்திருந்தாள். கோழி ஜன்னத் வீட்டு முறைப்படி அறுத்ததில்லையே என்று பிறகுதான் நினைவுக்கு வந்து தவித்துப்போய்ப் பருப்பு கடைந்தாள். ஜன்னத் எதையும் சாப்பிடவில்லை. மோர் மட்டும் குடித்தாள். சென்னிமலை உள்ளிருந்து வந்து, அவள் நிற்கிறாளே என்று தானும் உட்காராமல் நின்றார்.

ஜன்னத் உக்கடத்தில் வளர்ந்தவள், அவசரமாகப் பேசுகிறவள். அன்றைக்கு அவள் பேசியதைக் கேட்டு நானே அசந்துபோனேன்.

“அண்ணா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் யாருன்னு உங்களுக்கும் தெரியாதுங்க. ஆனா ஆபீசுல உங்க பேருக்குப் பக்கத்துல என்ற பேரு இருக்குதுங்க. இந்த ஆளுக்கு நான் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டிருக்கறனுங்க.”

சென்னிமலை துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“அந்தப் பையன் டேய்னது தப்புத்தானுங்க. அவனும் தப்புன்னுதான் சொல்றானுங்க. வந்து மன்னிப்புக் கேக்கச் சொன்னீங்கன்னா வருவானுங்க. ஆனா அவன் ‘ங்க’ தேடிட்டு இருந்திருந்தான்னா இன்னைக்கு இந்த ஊட்டுல பேச்சு வேற மாதிரி இருந்திருக்குமுங்க.”

வேலுமணி ஏதோ சொல்ல வாயெடுத்தான். சென்னிமலை கையைக் காட்டி நிறுத்தினார்.

“எனக்கு லைன் லீடர் வரப்போகுதுங்க. பன்னெண்டு வருசமாக் கம்பி கட்டி வருதுங்க. நீங்க பத்தொம்பது நாளு நின்னீங்கன்னா வருமுங்க. நின்னுபோட்டு அப்புறம் நீங்க எங்க வேணும்னாலும் போங்க. நான் கேக்கமாட்டனுங்க.”

“என்ற பேருக்குப் பக்கத்துல ஒரு பொம்பளைப்புள்ள பேரு இருக்குதுன்னு யாரும் எனக்குச் சொல்லலீங்களே” என்றார் சென்னிமலை. அதைச் சொல்லும்போது வேலுமணியையும் தெய்வாத்தாளையும் பார்த்தார். பிறகு, “நாளைக்கு வாரனுங்க அம்மணி” என்றார். நாச்சியம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

எனக்குச் சந்தோஷம்தான். மொபெட்டை ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து நின்றேன். தெய்வாத்தாள் ஜன்னத்தோடு வேலி வரைக்கும் வந்தாள். கருவேப்பிலையும் நாலு எலுமிச்சையும் ஒரு பையில் போட்டுக் கையில் வைத்திருந்தாள். ஜன்னத் பையை வாங்காமல் நின்றாள்.

“அக்கா, அவரு இதுக்கு முன்னாடி நாலு எடத்துல இப்பிடி எந்திரிச்சு வந்தவரு. அந்த நாச்சியம்மாக்கா இப்பத்தான் சொல்லுச்சு. உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஜன்னத் நம்பியிருப்பாள், நம்பத்தான் அவள் கேட்டாள்.

“தெரியும்” என்றாள் தெய்வாத்தாள்.

“சட்டம் இல்லாம இருந்தா, உன்ற பேரைப் போட்டிருப்பியா?”

“மாட்டேன்.”

ஜன்னத் தலையை ஆட்டினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எந்தம்பிக்கு இருக்கற கொறை அத்தனையும் நான் உங்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான எழுதச் சொன்னேன்” என்றாள். குரல் உயரவில்லை. பிறகு வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, நன்றிங்கண்ணா என்றாள்.

சென்னிமலை திங்கட்கிழமை வேலைக்குப் போனார். மிதுன் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டான், அவரும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பத்தொன்பது நாளும் நின்றார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். ஆடி பதினெட்டுக்கு மறுநாள் நாச்சியம்மாள் துணிப்பையை எடுத்துக்கொண்டு, கோவில்பாளையத்தில் அவர் பார்த்திருந்த வாடகை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். பால் காய்ச்சுவதற்கு வேலுமணி எருமைப்பாலே கொண்டுபோனான். பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை, தெய்வா சும்மா பயந்துகொண்டிருந்தாள் என்று என் வீட்டு வாசலில் வந்து சொன்னான். அவனைப் பொறுத்தவரைக்கும் சரிதான். ஷாஹுலும் சத்தமில்லாத மூலையில் உட்கார்ந்து நன்றாக வேலை செய்கிறான். ஆள் மாத்தில் இரண்டு பக்கமும் ஆள் நின்றது கம்பெனியிலேயே அபூர்வம் என்று பேச்சு.

ஜன்னத்துக்கு லைன் லீடர் ஆர்டர் வந்த அன்று செக்‌ஷனில் லட்டு கொடுத்தார்கள். ஜன்னல் வழியாக எனக்கும் ஒன்று வந்தது. புது லைன் லீடர் எழுந்து நின்று பன்னிரண்டு பேருக்கும் வேலை பிரித்துக்கொடுப்பது காதில் விழுந்தது. ஏ பாக்கியம், நீ பெரிய வளையம் எடுத்துக்க. சுமதி, நீ இக்கட்ட வா. பழைய கலகலப்புதான், ஒரு மாற்றமும் இல்லை என்று நினைத்துக்கொண்டே லட்டைத் தின்றேன்.

சாயங்காலம் பஸ் கிளம்பிக் கரியாம்பாளையம் தாண்டியது. கண்ணாடியில் பார்த்தால் தெய்வாத்தாள் லட்டைக் காகிதத்தோடு கையில் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

“ஏனம்மணி, ஜன்னத்து ஏதாச்சும் சொல்லிப்போட்டாளா?” என்றேன்.

“ஒண்ணும் சொல்லலீங்கண்ணா. மருவாதியாத்தான் பேசறாளுங்க.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “செக்‌ஷன்ல அத்தனை பேரையும் வா, போன்னுதான் சொல்றா. என்னைய மட்டும், ‘நீங்க போய் அந்தப் பெஞ்சுல உக்காருங்க’ன்னு சொல்லிப்போட்டாளுங்க.”